வலப்பெட்டிச் சேவல்

ஜட்ஜம்மாவுக்குக் கோழியைப் பிடிக்காது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஆறாயிரம் குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குக் கோழி பிடித்திருந்தால்தான் ஆச்சரியம். கோழிகளுக்கும் அவரைப் பிடித்திருக்க நியாயமில்லை. ஆனால் கருத்துச் சொல்லும் வயது வருமுன்பே அவற்றில் பாதியை அவர் அனுப்பிவைத்துவிடுவார் என்பதால், அந்தத் தரப்பு வாதம் பதிவாகாமலே போயிற்று.

முட்டைக்காக வளர்க்கும் இனங்களில் சேவலால் யாருக்கும் பயனில்லை. முட்டை இடாது, தின்ற தீனிக்கு உடம்பில் சதையும் வைக்காது. ஆகவே குஞ்சு பொரிப்பகத்தில், முட்டை ஓட்டை உடைத்து வந்து ஒரு நாள் ஆவதற்குள், ஒவ்வொரு குஞ்சாக எடுத்து ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். அதுதான் ஜட்ஜம்மாவின் வேலை. இடக்கையில் குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, வயிற்றை லேசாக அழுத்தி, எச்சத்தை முதலில் டப்பாவில் பீச்ச வேண்டும். பிறகு கட்டைவிரலால் பின்துளையை விரித்து விளக்கடியில் பார்க்க வேண்டும். உள்ளே கடுகில் பாதி அளவுக்கு ஒரு மொட்டு தெரிந்தால் சேவல். தெரியாவிட்டால் பெட்டை. தெரிந்தும் தெரியாமலும் இருந்தால், அதற்குத்தான் ஜட்ஜம்மா. சேவல் இடப்பக்கப் பெட்டிக்கு, பெட்டை வலப்பக்கப் பெட்டிக்கு. மூன்று விநாடியில் தீர்ப்பு. வலப்பெட்டி பண்ணைக்குப் போகும். இடப்பெட்டி சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குப் போகும். அந்த அறையில் என்ன நடக்கிறது என்று மேஜையில் இருந்தவர்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. மேல்முறையீடு கிடையாது. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

மனிதனுக்கும் கோழிக்கும் உள்ள உறவு தொடக்கத்தில் இவ்வளவு அவசரமாக இருக்கவில்லை. காட்டில் விதை பொறுக்கிக்கொண்டிருந்த பறவை, மனிதன் தானியம் விதைத்த இடத்துக்குத் தானாகவே வந்து கிளறத் தொடங்கியது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வா என்று யாரும் அழைக்கவில்லை. போ என்று விரட்டியிருப்பார்கள். உடனே அதைத் தின்னவும் இல்லையாம். சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள், விடியலைச் சொல்ல வைத்திருக்கிறார்கள், செத்தவர்களோடு மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். பழைய ரோமானியர்கள் போருக்குப் போகுமுன் கோழிக்குத் தீனி வைத்துப் பார்ப்பார்கள், தின்றால் வெற்றி. தின்ன மறுத்த கோழிகளை, தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று கடலில் எறிந்தான் ஒரு தளபதி என்றும், அந்தப் போரில் தோற்றான் என்றும் கதை உண்டு. தளபதிகளுக்கே யோசனை சொன்ன பறவையை, கோழியைக் கேட்டா குழம்பு வைக்கிறார்கள் என்ற நிலைக்குக் கொண்டுவர மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. ஒரு நாள் குஞ்சிலேயே ஆணா பெண்ணா என்று பார்க்கும் வித்தையை ஜப்பானியர்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு கண்டுபிடித்தபோது உறவு முழுமை பெற்றது. அதுவரை சேவல் கொண்டை சிவக்கும்வரை, இரண்டு மாதமாவது மனிதன் செலவில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

பிரிக்கும் மேஜையில் நான்கு நாற்காலிகள். முதல் நாற்காலி காற்றுப்போக்கிக்கு அடியில் இருந்தது. குஞ்சுகளுக்காக அடுப்படி போலச் சூடாக வைத்திருந்த அந்த அறையில் அது சிம்மாசனம். புது பல்பு வந்தால் முதலில் அங்கே மாட்டுவார்கள். தட்டுகள் வந்தால் முதல் தட்டு அங்கே போகும். சம்பளம் நால்வருக்கும் ஒன்றுதான். சண்டை கடுமையாக இருந்ததற்கு அதுவே காரணம். பணத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் பணம் கிடைத்தால் நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாற்காலியில் ஜட்ஜம்மா. நேர் எதிரே இரண்டாவது நாற்காலியில் அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பயிற்சி. பதினொரு ஆண்டுகளுக்கு முன் முதல் நாற்காலி காலியானபோது மேனேஜர் இருவருக்கும் ஒரு தேர்வு வைத்தார். ஆளுக்கு நூறு குஞ்சு. பிரித்து முடித்ததும் குஞ்சுகளை அறுத்துச் சரிபார்ப்பார்கள். வேறு வழி கிடையாது. ஜட்ஜம்மா தொண்ணூற்றொன்பது. நாத்தனார் தொண்ணூற்றெட்டு. அந்த ஒரு குஞ்சை மேனேஜர்தான் தப்பாகப் பார்த்தார் என்பது நாத்தனாரின் கட்சி. அறுத்த குஞ்சிடம் மறுவிசாரணை கேட்க முடியாது. அன்றிலிருந்து அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசுவதில்லை.

பேசாமல் எட்டு மணி நேரம் எதிரெதிரே உட்காருவது எளிதல்ல என்பதால் குஞ்சுகளிடம் பேசினார்கள். "உனக்கு நேரம் சரியில்லடா தம்பி, அந்தப் பக்கம் போயிருந்தா பொண்ணுன்னு சொல்லிப் பொழச்சிருப்பே" என்று நாத்தனார் ஒரு சேவல் குஞ்சிடம் சொல்லி இடப்பெட்டியில் போடுவார். ஜட்ஜம்மா தம் கையில் இருக்கும் பெட்டையிடம், "ரெண்டாவதா வந்ததுங்க வாய்தான் பெருசா இருக்கும், நீ கண்டுக்காதே" என்பார். குஞ்சுகள் இரண்டையும் கேட்டுக்கொண்டு போயின.

வீட்டிலும் தப்பிக்க இடமில்லை. மாமனார் தம் வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்து, முற்றத்தின் நடுவே தோள் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டுக் கண்ணை மூடினார். கதவு எண் மட்டும் ஒன்றாகவே இருந்துவிட்டது. இந்தப் பக்கம் ஜட்ஜம்மாவும் கணவரும். அந்தப் பக்கம் கணவனை இழந்த நாத்தனார் தனியாக. ஜட்ஜம்மாவின் கணவர் லேத் பட்டறைக்காரர். முப்பது ஆண்டு இரும்புச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வேறு வீட்டில் அது குறை. அந்த வீட்டில் வரம்.

ஓராண்டாக ஜட்ஜம்மாவுக்குப் பல்பு மங்கலாகத் தெரிந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு முறை மாற்றச் சொன்னார். மூன்றாம் முறை எலக்ட்ரீஷியன், "பல்பு நல்லாத்தான் இருக்கும்மா" என்று இழுத்தார். ஜட்ஜம்மா அவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு பல்பையும் மாட்டிவிட்டுப் போனார். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் புதுக் கண்ணாடியோடு வருகிறவரை மறுபடி தேர்வுக்கு உட்கார வைப்பது அங்கே வழக்கம். தேர்வில் தொண்ணூற்றேழுக்குக் கீழே போனால் நாற்காலி போகும். ஆகவே அவர் கண்ணாடி போடவில்லை, குனிந்துகொண்டார். ஐம்பத்தோரு வயதில், முதல் நாற்காலியிலிருந்து நேராக ஓய்வுக்குப் போக வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

மூக்கு குஞ்சைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டதை எதிர் நாற்காலி கவனிக்காமல் இருக்குமா? நாத்தனார் மேனேஜரிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள். அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் ஒரு தப்பு வெளியே தெரிய எட்டு வாரம் ஆகும். வலப்பெட்டியில் போன சேவல் எங்கோ ஒரு பண்ணையில் கொண்டை சிவந்து கூவும்போதுதான் தெரியும். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை, ஜட்ஜம்மா சாப்பிட எழுந்த நேரத்தில், அவருடைய வலப்பெட்டியிலிருந்து ஐந்து குஞ்சுகளையும் பெட்டியில் ஒட்டியிருந்த 'இருக்கை 1' என்ற சீட்டையும் எடுத்துத் தம் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய கூரைத் தகரத்துக்கு அடியில் வளர்த்தார். சேவல் தலைகாட்டியதும், தம் சிநேகிதியான தையற்காரி அதைப் பண்ணைக்காரி போலக் கொண்டுபோய், சீட்டோடு மேனேஜர் மேஜையில் வைப்பதாக ஏற்பாடு. பகைக்காக எட்டு வாரம் தீனி போட்டுத் தண்ணீர் வைக்கும் பொறுமை அன்புக்காகக்கூட எல்லோருக்கும் வருவதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறவர் வீட்டில் எந்தப் பறவையும் வளர்க்கக் கூடாது. நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று விதி. கணக்குப்பிள்ளை ஒருவர் கிளி வளர்த்து வேலையை இழந்திருக்கிறார். விதி ஆளைப் பார்க்காது, கதவு எண்ணைப் பார்க்கும்.

சுவருக்கு அப்பால் கேட்ட சத்தம் ஜட்ஜம்மாவுக்கு மூன்றாம் நாளே விளங்கிவிட்டது. குஞ்சின் குரலை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எதற்காக என்பதும் விளங்கிற்று. உடனே புகார் கொடுத்திருந்தால் நாத்தனார் கதை முடிந்திருக்கும். கதவு எண் ஒன்று என்பதால் தம் கதையும் முடிந்திருக்கும். ஆகவே தினமும் காலையில் துணி உலர்த்துகிற சாக்கில் சுவர்மேல் எக்கி, குஞ்சுகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாலாவது வாரத்தில் ஒன்றின் கொண்டை மற்றவற்றைவிடச் சிவப்பாக இருந்தது. அன்று இரவு சாப்பாட்டின்போது கணவரிடம், "உங்க தங்கச்சி இடப்பெட்டியில கை வச்சிருக்கா" என்றார். கணவருக்கு எந்தப் பெட்டி என்று விளங்கவில்லை. ஜட்ஜம்மாவின் கணக்கில், தாம் தப்பு செய்திருக்க முடியாது என்றால் அது இடப்பெட்டிக் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும். தம்மைக் கெடுக்க நினைப்பவள் சேவலாகப் பார்த்துத்தானே எடுப்பாள்? தர்க்கம் பழுதில்லாமல் இருந்தது. நடந்தது மட்டும் வேறு. நாத்தனார் எடுத்தது வலப்பெட்டியில்தான். நூறில் ஒன்றிரண்டு தப்பு எல்லோருக்கும் அனுமதி உண்டு. அந்த ஒன்று அந்த ஐந்தில் இருந்தது.

எட்டாவது வாரம் சேவல் முழுச் சேவலாகி, கூவி, நாத்தனாரையே கொத்தத் தொடங்கியது. பெட்டைகள் நான்கையும் தையற்காரி முன்பே வாங்கிக்கொண்டு போயிருந்தார். சேவலை மேனேஜரிடம் கொண்டுபோகக் குறித்திருந்த வாரத்தில், பக்கத்து மாவட்டத்தில் கோழிகளுக்கு ஏதோ நோய் என்று செய்தி வந்தது. பணியாளர்களின் வீடுகளை ஞாயிற்றுக்கிழமை காலை கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அன்று மாலை, நடுவில் லேத் பட்டறைக்காரரை நிறுத்தி, இரு தரப்பும் பதினொரு ஆண்டுகளில் முதல் முறையாகப் பேச்சுவார்த்தை நடத்தின. ஆளுக்கொரு காதில் சொன்னார்கள். அவர் கேட்டதைப் பாதியாகவும் புரிந்ததை முழுதாகவும் மறுபக்கம் கொண்டுபோனார். முடிவு இதுதான்: சனிக்கிழமைக்குள் சேவலைத் தையற்காரியிடம் தள்ளிவிடுவது. முடியாவிட்டால், இரண்டு பேரும் ஒரே வாயாக, தெருச் சேவல் என்று சொல்லிவிடுவது.

சனிக்கிழமை தையற்காரி கூடையோடு வந்தார். சேவல் அவருடைய முழங்கையை உதைத்துவிட்டு ஓட்டுக் கூரைமேல் ஏறிக்கொண்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று சொல்கிறவர்கள் கூரை ஏறிப் பார்த்ததில்லை என்பது அன்று தெளிவாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆளுக்குக் கோடிக்கணக்கில் கோழி பிடித்த இரண்டு பெண்கள், ஒரு சேவலைப் பிடிக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் ஏணியில் நின்றார்கள். அவர்கள் பிடித்ததெல்லாம் முட்டையைவிடக் கனம் குறைந்தவை, திருப்பிக் கொத்தாதவை. இது அவற்றின் சார்பில் கொத்தியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சேவலுக்கு அவ்வளவு வரலாறு தெரியாது. கிட்டே வந்ததைக் கொத்தியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மருத்துவர் வந்தார். ஆறாவது வீடு, களைத்திருந்தார். கையில் படிவம், பின்னால் ஜீப் டிரைவர். முற்றத்தில், சுவர் முடியும் இடத்தில், வீட்டார் மூவரும் வரிசையாக நின்றார்கள்.

"வீட்ல கோழி, வாத்து, புறா, கிளி ஏதாவது?"

இல்லை என்றார் நாத்தனார். இல்லை என்றார் ஜட்ஜம்மா. கூரையின் மேலிருந்து சேவல் தன் பதிலை நீட்டி முழக்கிச் சொன்னது. மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது?"

"தெருச் சேவல் சார். எங்கேயாவது திரியும், இங்க வந்து ஏறிக்கும்" என்றார் நாத்தனார்.

மருத்துவர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அவர் நம்பினார் என்பதைவிட, அடுத்த வீட்டுக்குப் போக விரும்பினார் என்பது சரி. நாத்தனார் அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு நாற்காலியும் பிழைத்திருக்கும். ஆனால் எட்டு வார உழைப்பு வீணாகப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. மருத்துவரிடம் சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"யாரோ கண்ணு தெரியாத மகராசி பொட்டைன்னு நெனச்சு விட்டுருக்கா சார். கொண்டை வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பண்ண?"

லேத் பட்டறைக்காரருக்கு அது கேட்கவில்லை. ஜட்ஜம்மாவுக்குக் கேட்டது. அவருடைய முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. விளக்கடியில் ஒரு குஞ்சைத் திருப்பிப் பார்க்கும்போது இருக்கிற முகம்தான் இருந்தது.

"டாக்டர், எழுதாதீங்க" என்றார். "அது தெருச் சேவல் இல்ல. எங்க ஹேச்சரிக் குஞ்சு. நான் பிரிச்சது. சேவல்னு சரியாப் பாத்து இடப்பெட்டியில போட்டது. இவ அதுலேர்ந்து திருடிட்டு வந்து வளத்திருக்கா, என் பேரைக் கெடுக்க."

மருத்துவரின் பேனா நின்றது. நாத்தனாருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. அண்ணிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்; மருத்துவர் அதையும் நம்பத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் இடப்பெட்டி என்ற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை.

"இடப்பெட்டியா? யாரு எடுத்தா இடப்பெட்டியில? வலப்பெட்டி சார், வலப்பெட்டி. என் கையால எடுத்தேன். சீட்டு இருக்கு, இருங்க." உள்ளே ஓடிப் போய், அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த 'இருக்கை 1' சீட்டைக் கொண்டுவந்து மருத்துவர் கையில் கொடுத்தார்.

இப்படியாக, கேட்காமலே ஒரு வாக்குமூலமும், அதை உறுதிப்படுத்த இன்னொரு வாக்குமூலமும், கூடவே சான்றுப் பொருளும் மருத்துவருக்குக் கிடைத்தன. அவர் சங்கடப்பட்டார். எந்தப் பெட்டி என்பது தமக்குத் தேவையில்லை என்றும், கதவு எண் மட்டும் போதும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை. இடப்பெட்டின்னு எழுதுங்க" என்றார் ஜட்ஜம்மா.

"வேலை போயிரும்மா."

"போகட்டும். எழுதுங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மருத்துவர் ஓரத்தில், முதல் பணியாளர் இடப்பெட்டி என்கிறார், இரண்டாம் பணியாளர் வலப்பெட்டி என்கிறார் என்று சின்ன எழுத்தில் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜீப் டிரைவர் இதற்குள் கொடியில் கிடந்த ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, இரண்டு நிமிடத்தில் சேவலைச் சுருட்டி இறக்கிவிட்டார். அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தினார். பத்து நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவில் சேவலுக்கு ஒரு நோயும் இல்லை என்று இருந்தது. விதி நோயைப் பற்றியது அல்ல, வளர்ப்பதைப் பற்றியது என்று மேனேஜர் விளக்கினார். முதல் நாற்காலி மூன்றாவது நாற்காலிக்காரிக்குப் போனது. நூறுக்குத் தொண்ணூற்றைந்துதான் வருமாம் அவருக்கு. விதி தொண்ணூற்றேழு என்கிறது. ஆனால் அவருக்கு யாரோடும் விரோதம் இல்லை என்பதால் இப்போதைக்கு அது போதும் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் ஜட்ஜம்மா கண்ணாடி வாங்கினார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? முதல் நாள் காலையிலேயே அதைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சுவருக்கு அப்பால் நாத்தனார் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிழவி ஆயிட்டே" என்றார்.

"இதையாவது சரியாப் பாத்தீங்களே" என்றார் நாத்தனார், தலை நிமிராமல்.

அன்றிலிருந்து இருவரும் நேரடியாகப் பேசுகிறார்கள். காலையில் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு முறை, மதியம் பாத்திரம் கழுவும்போது ஒரு முறை. பேச்சு எதைப் பற்றியதாக இருந்தாலும் கடைசியில் ஜட்ஜம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். எந்தப் பெட்டி? நாத்தனார் வலது என்கிறார். பொய் என்கிறார் ஜட்ஜம்மா. பொய் சொல்ல எனக்கு இனி என்ன ஆதாயம் என்கிறார் நாத்தனார். அது நியாயமான கேள்விதான். ஜட்ஜம்மா ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போகிறார், மதியம் மறுபடி வந்து கேட்க.